தனியாக விடக்கூடாத புரதம்

பிள்ளைகளின் அம்மாவுக்கு,

கால் புண்ணை மூன்று வாரம் என்னிடம் மறைத்தாய், அது தவறு. சின்னவள் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

நான் குப்பி கழுவும் ஆய்வுக்கூடத்து டாக்டரம்மாவிடம் உன் புண்ணைப் பற்றிக் கேட்டேன். வெள்ளை அணுக்களில் இரண்டு புரதங்கள் சேர்ந்து கிருமியின் உறையைக் குலைத்துக் கொல்லுமாம். அதில் ஒன்று தனியாக இருந்தால் நம் செல்லையும் தாக்குமாம். மற்றது கூட இருந்தால் அடங்குமாம்.

"உங்கள மாதிரிதான் பெரியவரே. ஒத்தையில விட்டா வீட்டாளையும் சேத்து அடிக்கும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. என் அறையில் இரண்டு கட்டில். ஒன்றில் பெட்டிதான் படுத்திருக்கிறது.

பெரியவனோடு நான் இரண்டு வருடமாகப் பேசாததற்குக் காரணம் அவன்தான், அதில் மாற்றமில்லை. நாளையே அவன் உன்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போகட்டும். சின்னவள் தினமும் கட்டு மாற்றட்டும். நீ போர்த்தும் பழைய போர்வையை அனுப்பு, இங்கே குளிர். ஞாயிற்றுக்கிழமை பெரியவனை நான் கூப்பிடுவேன். அவன் போனை எடுக்க வேண்டும்.