தாளம் விட்டது நான்தான்

அன்புள்ள மது,

கோபம் இருந்தாலும் இதை முழுக்கப் படித்துவிடு.

நேற்று மயிலாப்பூரில் சபாக்காரர்களும் வாத்தியக் கலைஞர்களும் கூடிப் பேசும் வருடாந்திரக் கூட்டம். நமக்குள் பேச்சு நின்ற பிறகு முதல்முறையாகத் தனியாகப் போனேன். என் காபியையும் பிடுங்கிக் குடிக்க நீ இல்லாததால் அது ஆறிப்போனது.

சபா செயலாளர் விஜயராகவன் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சின்ன ஹால்ல வயலின், வீணை மட்டும் வச்சு ஒரு கச்சேரி போடலாம்னு இருக்கேன். வீணைக்கு வேற யாரையாவது பாரு. மதுமதி வேண்டாம்மா, அன்னிக்குப் பல்லவியில தாளத்தை விட்டுட்டாளே" என்றார்.

நாம் சேர்ந்து வாசித்த அந்தக் கச்சேரி முடிந்து இரண்டு வருடமாக இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நேற்று முடியவில்லை.

"மாமா, அன்னிக்கு விட்டது நான். என்னைக் காப்பாத்தப் போய்த்தான் அவ தடுமாறினா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது போல, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலே?" என்று கேட்டார். "பயந்துட்டேன் மாமா" என்றேன். உனக்கும் அதையேதான் சொல்கிறேன்.

உன் நம்பரை வாங்கிக்கொண்டார். கச்சேரிக்கு அழைப்பார். வயலினுக்கு யார் என்று உன்னைத்தான் கேட்பார். நீ யார் பெயரைச் சொன்னாலும் சரி, உன் வாசிப்பைக் கேட்க நான் வந்துவிடுவேன்.

பிரியத்துடன்,
உன் வயலின்காரி