பிரியாத பத்துக் கட்டு

செவ்வாய், ஜூலை 8

காலையிலேயே வெயில். மாலை வகுப்பில் கழித்தல். கணக்கு வராத நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். போன மாதம் வரை எல்லாரும் என்னிடம். இப்போது ஆறு எனக்கு, ஆறு புது டீச்சர் தேவிக்கு. கீழ்பென்னாத்தூரிலிருந்து மாறுதலில் வந்தவள். வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை.

52 – 27. சபிஹா மறுபடியும் 35. ஏழில் இரண்டு போனால் ஐந்தாம். மேலே கீழே பார்ப்பதில்லை, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பிலிருந்து இதே 35.

சுவருக்கு அந்தப் பக்கம் தேவி வகுப்பில் ஒரே சிரிப்பு. கழித்தலில் சிரிக்க என்ன இருக்கிறது?

வாங்க: கொத்தமல்லி, சிவப்புப் பேனா, அவருக்கு மாத்திரை.

புதன், ஜூலை 9

நாளை பௌர்ணமி. இன்றே பஸ் ஸ்டாண்ட் பக்கம் நெரிசல். ஆட்டோ கிடைக்கவில்லை, நடந்தேன். கால் வலி.

ஹெச்.எம். வந்தார். "தேவி டீச்சர் பசங்க ஆறு பேரும் கடன் வாங்கி கழிக்கிறாங்க. சபிஹாவை திங்கக்கிழமைலேர்ந்து அங்க அனுப்பிடுங்களேன். பாவம், எவ்ளோ நாள்தான் இங்கயே இருக்கும்?"

சரிங்க சார் என்றேன். இங்கே எழுத என்ன வெட்கம். பொறாமைதான். அவள் புடவை மடிப்பைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேறு யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளட்டும். சபிஹாவுக்கு நூறு வரை எண்ணச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

தேவி வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்படி என்னதான் வைத்திருக்கிறாள்? ஐஸ் குச்சி. பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டது. பார்சல் கடையில் போடும் பச்சை ரப்பர் பேண்ட். அவ்வளவுதான். என் குச்சிக் கட்டுகளைப் பார்க்க வேண்டும்: பசை போட்டு ஒட்டி, வண்ணம் தீட்டி, சுற்றிலும் ஜரிகைத் தாள். ஆசிரியர் கண்காட்சியில் இரண்டாம் பரிசு.

கிளம்பும்போது பொது அலமாரியில் அவளுடைய ரப்பர் பேண்ட் கவர். எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. தெரியும்.

வியாழன், ஜூலை 10

பௌர்ணமி. கிரிவலப் பாதையில் கடை போடும் வீட்டுப் பிள்ளைகள் வரவில்லை. மோர்க்குழம்பு புளித்துவிட்டது.

தேவி வந்தாள். "அக்கா, அந்த பச்சை ரப்பர் பேண்ட் கவர பாத்தீங்களா?"

"இல்லியேம்மா." பை என் தோளில்தான்.

வகுப்பு நின்றுவிடும் என்று நினைத்தேன். எங்கே நின்றது? பூ கட்டும் நூலால் கட்டிவிட்டாள். முடிச்சு அவிழ்ப்பதில் பிள்ளைகளுக்கு இன்னும் குஷி. "நல்லதா போச்சுக்கா, கைக்கு வேல ஜாஸ்தி" என்கிறாள். இவளுக்கு எது நடந்தாலும் நல்லதாகத்தான் போகும்.

இடைவேளையில் சபிஹா தேவி வகுப்பில் நின்று 43 – 16 போட்டாளாம். 27. சரியான விடை.

மாலையில் பிடித்துக் கேட்டேன். "அங்க போட்டியே, இங்க ஏன் வரல?"

"உங்க கட்டு பிரியாது மிஸ். ஒட்டி இருக்குது."

"அத சொல்றதுக்கென்ன?"

"தொட்டா அழுக்காயிடும், தள்ளி நின்னு பாருங்கன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். கண்காட்சிக்குப் போக வேண்டிய கட்டு. பத்தைப் பிரிக்காமல் இரண்டிலிருந்து ஏழை எப்படி எடுப்பாள்? ஒரு வருஷமாக நான் காட்டியது பிரியாத பத்து. பதிவேட்டில் மந்தம் என்று எழுதியது அவள் பெயருக்கு நேரே.

வீட்டுக்கு வந்ததும் கட்டுகளை வாளித் தண்ணீரில் போட்டேன். ஜரிகைத் தாள் முதலில் மிதந்தது. அவர் கேட்டார், பரிசு வாங்கினது ஆச்சே என்று. கட்டுகளை இன்னும் கீழே அமுக்கினேன்.

வெள்ளி, ஜூலை 11

மேகமூட்டம். குச்சிகள் பிரிந்துவிட்டன. ஏழு உடைந்தது. விரலெல்லாம் சாயம்.

கட்டுவதற்கு என்னிடம் ஒன்றுதான் இருந்தது. வகுப்பில் அந்தப் பச்சை ரப்பர் பேண்ட் கவரையே வெளியே எடுத்தேன்.

சபிஹா பார்த்தவுடன், "இது தேவி மிஸ்ஸோடது."

ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சாக்பீஸ் கேட்டு வந்த தேவி வாசலில் நின்றிருந்தாள்.

"ஆமா. நான்தான் எடுத்தேன்" என்றேன். அவளைப் பார்க்காமல்தான் சொன்னேன். அவள் வாசலை விட்டுப் போகவில்லை.

52 – 27. சபிஹா ஐந்து கட்டு வைத்தாள், பக்கத்தில் இரண்டு குச்சி. ஒரு கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினாள்.

"பிரிக்கட்டுமா மிஸ்?"

"பிரி."

பிரித்தாள். எண்ணினாள். ஏழை எடுத்தாள், பிறகு இரண்டு கட்டு. 25.

எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தாள். முதலில் தேவியைத்தான் பார்த்தாள்.