அக்காவின் தலைமேல் ஆணை

பூலாம்பாடி
25-3-1946

அன்புள்ள தங்கச்சி சுந்தராம்பாளுக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. இங்கு நலம். அரியலூரில் நீயும் உன் பள்ளிக்கூடமும் நலமா? பி.ஏ. படித்த வாத்தியாரம்மாவுக்கு அக்காவுக்கு ஒரு கார்டு போடவும் வெட்கமா?

எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. ஒரு சங்கதி. இரண்டு தடவை இரத்தம் பட்டது, மாதவிலக்குப் போல. வலி துளியும் இல்லை; தானாகவே நின்றும்விட்டது. வலி இல்லாததால் பயமில்லைதானே? அத்தைக்குத் தெரிந்தால் தீட்டு என்று ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்கள். ஆறு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. வயிற்றோடு வந்து கல்லங்குறிச்சித் தேரைச் சேவிப்பதாக வேண்டுதல். வண்டி கட்டப் போகிற நேரத்தில் நான் மட்டும் நின்றுவிடுவதா? துணியை நானே அலசிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடாதே. என் தலைமேல் ஆணை.

உன் அக்கா,
உண்ணாமலை

அரியலூர்
28-3-1946

என் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்குள்ள டாக்டரம்மா வாசலில், கடைசி நோயாளி போகும்வரை நின்றேன். "எங்க அக்காவுக்கு" என்பதற்குமேல் வாய் வரவில்லை. உன் கடிதத்தையே நீட்டினேன். படித்தவர் எழுந்துவிட்டார். "வலியில்லாம வருதே, அதுதாம்மா எனக்குப் பயம்" என்றார்.

நஞ்சுக்கொடி கருப்பையில் மேலே ஒட்டியிருக்க வேண்டுமாம். உனக்கு அது கீழே, கருப்பை வாயை அடைத்துக்கொண்டு இருக்கலாம். வாய் திறக்கத் திறக்க நஞ்சு பிய்ந்து இரத்தம் கொட்டுமாம். முதலில் கொஞ்சம் வந்து நிற்பது வெறும் எச்சரிக்கை. வயிறு கல்லாய் இறுகி, வலியோடு வந்தால் அது வேறு ஆபத்து. நஞ்சு முன்னதாகவே கழன்றுகொள்வது. அதில் இரத்தம் உள்ளேயே தங்கி நம்மை ஏமாற்றிவிடுமாம். நீ வண்டி ஏறாதே. மருத்துவச்சி உள்ளே கைவிட்டுப் பார்க்க விடாதே. விரல் பட்டாலே மடை உடையும். திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

ஒருவர் தலைமேல் இட்ட ஆணையை மீறினால் அந்தத் தலைக்கே கேடு என்று சின்ன வயதிலிருந்து நம்பியவள் நான். இன்றும் நம்புகிறேன் அக்கா. ஆனாலும் மீறப்போகிறேன். நாளை பஸ் ஏறுகிறேன். இது கைக்கு வருமுன் நானே வந்துவிடலாம்.

உன் தங்கை,
சுந்தரா

அரியலூர்
14-4-1946

திருச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் என் அக்காவுக்கு,

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். நீ மயங்கிய பிறகு நடந்ததைக் கேட்டாய். நேரில் சொல்ல முடியவில்லை, எழுதுகிறேன்.

பூட்டிய வண்டிக்கு முன்னால் நின்று நான் மாமாவிடம் உன் சங்கதியைச் சொன்னதும் அத்தை, "கல்யாணம் ஆவாத பொண்ணு பேசற பேச்சா இது? பி.ஏ.வுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றது உனக்கு நினைவிருக்கும். மாமா மாட்டை அவிழ்த்துவிட்டு, வாடகைக் கார் பிடிக்கப் பெரம்பலூருக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரி வாசலில் மடை உடைந்தது. ஓர் உடம்பில் இத்தனை இரத்தமா! நீயோ ஒரு முனகல்கூட முனகவில்லை. உதடு சுண்ணாம்பாய் வெளுத்தது. கை சில்லிட்டு வேர்த்தது. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். உனக்கு இரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். கண்ணாடித் தகட்டில் எங்கள் இரத்தத்தை உன்னுடையதோடு கலந்து பார்த்தார்கள். என்னுடையது திரிந்தது. மாமாவுடையதும் திரிந்தது. அத்தையுடையது மட்டும் ஒத்துப்போனது. "எடுத்துக்குங்கம்மா. ஆனா என் வாயும் சேந்து அவளுக்குப் போயிடும். எம்புள்ளதான் பாவம்" என்று கையை நீட்டினார்கள். குரல் மட்டும்தான் தைரியமாக இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள்.

புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக அது உனக்குள் இறங்கியது. முதலில் உள்ளுதட்டில், பிறகு நகக்கண்ணில், நிறம் ஊறி வந்ததை நான் பார்த்தேன். கோயிலில்கூட இப்படிக் கைகூப்பி நின்றதில்லை அக்கா.

ஆணையை மீறியதற்கு நீ இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

சுந்தரா

பூலாம்பாடி
26-4-1946

அடி சுந்தரா,

வீட்டுக்கு வந்துவிட்டோம். உன் மகள் பூனைக்குட்டி அளவுதான். அழுகை மட்டும் ஊரைக் கூட்டுகிறது. நேற்று வெந்நீர் தாமதமானதென்று உன் மாமாவை ஒரு பிடி பிடித்தேன். "நான் அன்னைக்கே சொல்லல?" என்று அத்தை சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஆணையைப் பற்றிக் கேட்டிருந்தாயே. இன்று காலை அத்தை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, என் பின்னால் உட்கார்ந்தார்கள். "தீட்டு இன்னும் கழியலையே அத்தை" என்றேன்.

"கம்முன்னு குனிடி" என்றார்கள்.

தலை பத்திரமாக இருக்கிறது.

உன் அக்கா