இரண்டு பஸ் தூரம்

இன்று காலை மெட்ரோவில் என் பக்கத்தில் வந்து நின்றவரின் சட்டையிலிருந்து கூலன்ட் எண்ணெய் வாசனை அடித்தது. பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் என்று கேட்காமலே தெரிந்தது. ஒரு நொடி நீதான் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது.

ஒரே பட்டறையில் பதினோரு வருடம் இருந்தோம். நீ இரும்பு கடையும் லேத்தில், நான் இன்ஸ்பெக்‌ஷன் மேசையில். என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருவதை முதலில் கண்டுபிடித்தவன் நீ. நான் சரியென்று அனுப்பிய பீஸ்களை எனக்குத் தெரியாமல் மறுபடி அளந்து, தப்பானதை ஒதுக்கிவைத்தாய். ஐந்து மாதம் அப்படிச் செய்திருக்கிறாய். தெரியவந்தபோது எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த வாரமே வேலையை விட்டேன்.

பிறகு பொம்மனஹள்ளியில் அக்கா வீட்டு மாடியறை. பார்வை முழுவதும் போய்விட்டது. தடவித் தடவி நடப்பதை யாரும் பார்க்கக்கூடாது என்று படியிறங்கவே இல்லை. பார்வையற்றோர் சங்கத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒருவர் வந்து பிரெயில் சொல்லிக்கொடுத்தார். மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய விரலுக்கு, ஆறு புள்ளிகளைப் பிரித்தறிய எட்டு மாதம் பிடித்தது. அதன்பின் பேசும் கம்ப்யூட்டர். விழித்திருந்த நேரமெல்லாம் படித்தேன். நான்கு வருடம்.

நீ ஞாயிறுதோறும் வந்தாய். நான் கதவைத் திறக்கமாட்டேன். வெளியிலிருந்தே பட்டறைச் செய்தியெல்லாம் சொல்லிவிட்டுப் போவாய். ஒருநாள் பொறுக்காமல், பாவம் பார்த்து வராதே என்று கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: “பாவம் பாத்து வரல டா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வேலைய விட்டல்ல, அதுக்குத் திட்டத்தான் வரேன். நீ வெளிய வந்தா ஒரே தடவைல திட்டி முடிச்சிடுவேன்.”

உள்ளே எனக்குச் சிரிப்பு வந்தது. தடங்கலில்லாமல் ஒரு பக்கம் வாசிக்க வந்ததும் கதவைத் திறந்து உனக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாசிக்கவும் வந்தது. இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிறு நீ வரவில்லை. மறுநாள் காலை உன் மனைவி செல்வி, என் அக்காவுக்குப் போன் செய்தாள். மாரடைப்பு. மதியம் எடுக்கிறார்கள். மாமா வேலையிலிருந்து வரட்டும், கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறேன் என்றாள் அக்கா. அதுவரை நீ இருக்கமாட்டாய். அறைக்குள் மட்டுமே பழகிய கைத்தடியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன்.

மெஜஸ்டிக் பஸ் நிலையம் வரை ஒரு பஸ், அங்கிருந்து பீன்யாவுக்கு இன்னொன்று. ஏறும்போது முழங்காலில் அடிபட்டது. மெஜஸ்டிக்கில் நடுவழியில் நின்று, பீன்யா பஸ் எங்கே நிற்கும் என்று கன்னடத்தில் உரக்கக் கேட்டேன். யார் யாரோ பார்த்திருப்பார்கள். ஒரு பூக்காரம்மா முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

நான் வந்து சேர்ந்தபோது உன்னை இன்னும் எடுக்கவில்லை. “அண்ணா, தனியாவா வந்தீங்க?” என்ற செல்வி, என் கையைப் பிடித்து உன் கைமேல் வைத்தாள். கட்டைவிரலில் இருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தொட்டதும்தான் அழுதேன்.

அடுத்த ஞாயிறு, காரணம் எதுவும் இல்லாமல் அதே இரண்டு பஸ் ஏறிப் போய்வந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். மூன்றாம் மாதம் சங்கத்துக்குப் போய், நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். இப்போது புதிதாகப் பார்வை போனவர்களின் வீடுகளுக்குப் போகிறேன். படித்ததெல்லாம் எதற்கென்று எனக்குத் தெரிந்தது அந்த வீடுகளில்தான். காலையில் கிளம்பும்போது மனம் நிறைந்திருக்கிறது.

உனக்கு வாசித்துக் காட்டாத அந்தப் பக்கம் மட்டும் என்னிடமே இருக்கிறது. அதனால் யாரையும் காத்திருக்கவிட என்னால் முடிவதில்லை. இன்று பிரேசர் டவுனில் ஒரு தையல்காரம்மா, இது கைக்கு வர எத்தனை நாளாகும் என்று கேட்டார்.

“எனக்கு நாலு வருஷம் ஆச்சும்மா. உங்களுக்கு அவ்ளோ ஆக விடமாட்டேன்” என்றேன்.

அவர் மூன்று எழுத்து படித்திருந்தார். மகளைக் கூப்பிட்டு, அதை அப்போதே அவளுக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன்.