சிரிப்பு ரெக்காட் வழக்கு

அண்ணே,

இன்று காலையில் யாரோ ரப்பர் ஷீட் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு கடை வாசலைக் கடந்து போனார்கள். அந்தப் புகை வாடை மூக்கில் ஏறியதும், "அல்லாவே, அடுத்த வழக்கோடு வந்துவிட்டார்" என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். தோட்டத்துப் புகைக்கூடத்தில் ஷீட் காயவைத்த ஆளல்லவா நீங்கள்! என் தேத்தண்ணிக் கடைக்குள் முதலில் உங்கள் வாடை வரும், பிறகுதான் நீங்கள் வருவீர்கள். உங்களை மாதா கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

என் மேல் எத்தனை பிராது கொடுத்தீர்கள்! என் கோழி உங்களை முறைத்தது என்று ஒன்று. என் பெற்றோமாக்ஸ் விளக்கு உங்கள் கண்ணைக் கூசவைக்கிறது என்று ஒன்று. கூண்டில் ஏறிவிட்டால் இறங்க மனசே வராமல் பேசுவீர்கள். ஒரு வழக்கும் நின்றதில்லை. வீண் வழக்குப் போட்டால் போட்டவருக்கே தண்டம், கட்டாவிட்டால் மறியல் வீட்டில் அடைப்பார்கள் என்று சட்டம் இருந்தது. நீங்களோ தண்டத்தைக் கட்டிவிட்டு அடுத்த மனுவை எழுதக் கொடுப்பீர்கள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கடையைப் பூட்டிவிட்டு இரத்தினபுரிக் கோட்டுக்கு அலைந்தது நானல்லவா?

கடைசியில் வந்தது அந்தச் சிரிப்பு ரெக்காட். கிராமபோனோடு கொழும்பிலிருந்து வந்தது. அதில் பாட்டே கிடையாது. ஓர் ஆள் விழுந்து விழுந்து சிரிப்பான், அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்கள் அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். வேலை விட்டு, கரி படிந்த சட்டையோடு நீங்கள் போகிற நேரத்திலும் அது சிரித்தது. "நானா பொட்டிய வச்சு என்னையக் கேலி பண்றாரு" என்று, நானா என்று நீங்கள் கூப்பிடுகிற என் மேல் பிராது கொடுத்துவிட்டீர்கள். மெஷின் சிரித்தால் அது அவமானமா, இல்லையா என்று கஹவத்தைக் கடைவீதியே இரண்டாகப் பிரிந்து வாயடித்தது.

கிராமபோனைக் கோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு. காலையில் இருந்தது ஒரே ரயில். நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். பெட்டி என் மடியில். சத்தம் வருகிற பித்தளைப் புனலை நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். "குடுங்க நானா, நசுங்கிச்சுன்னா என் கேஸு போயிரும்." வழியில் எனக்கும் சேர்த்து வடை வாங்கினீர்கள். இப்படி ஓர் எதிராளி யாருக்கு வாய்க்கும்!

கோட்டில் நீங்கள் பேசத் தொடங்கினீர்கள். நீதவான் கையைக் காட்டி நிறுத்தி, முதலில் ரெக்காட்டைப் போடு என்றார். போட்டேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் சிரித்தார். பிறகு வழக்குப் பேச வந்த பிரக்கிராசிமார் எல்லாரும் சிரித்தார்கள். நீதவானே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கூண்டில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீண் வழக்கு, தண்டம் கட்டு என்று முடித்துவிட்டார்கள். நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லவேயில்லை.

திரும்பும் ரயிலிலும் புனல் உங்கள் மடியில்தான். பொறுக்க முடியாமல் கேட்டேன்: "ஏண்ணே, தண்டத்துக்கு ஒங்களுக்குப் பயமே இல்லையா?"

"பயந்தான் நானா. ஆனா தோட்டத்துல வாயத் தொறந்தா கங்காணி 'பொத்துடா'ங்கிறாரு. தொர மொகத்தயே பாக்கிறதில்ல. கோட்டுலதான் நான் சொல்லி முடிக்கிற மட்டும் அத்தன பேரும் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. அதுக்குத்தான் போனேன். இன்னைக்கு அங்கயும் சிரிச்சிட்டாங்க."

அதன்பிறகு நீங்கள் கோட்டுப் பக்கம் போகவேயில்லை. கடைக்கு வந்தாலும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவீர்கள். "பேசுங்கண்ணே" என்பேன். "ஒண்ணுமில்ல நானா" என்பீர்கள்.

கடையில் இப்போதும் வாதம்தான்: இருக்கிற சட்டம் போதுமா, தண்டத்தைக் கூட்டினால் வீண் வழக்கு குறையுமா என்று. "அந்தப் பொகக்கூடத்து ஆளு தண்டத்துலதானே அடங்குனாரு" என்றார் ஒருவர். எனக்குச் சுள்ளென்று ஏறியது. தண்டமா உங்களை அடக்கியது? எத்தனை தண்டம் கட்டியவர் நீங்கள்! அந்தச் சிரிப்பல்லவா உங்கள் வாயைக் கட்டியது.

அந்த ரெக்காட்டை நான் பிறகு போடவேயில்லை. கிராமபோனில் மற்றப் பாட்டுகள் ஓடுகின்றன. ஆனால் தோட்டத்து ஆள் யாராவது பெஞ்சில் உட்கார்ந்து, "நானா, ஒரு நியாயம் கேளுங்க" என்று தொடங்கினால், பாட்டு பாதியில் இருந்தாலும் ஊசியைத் தூக்கிவிடுகிறேன்.