ஃபேக்டரி ஏற்றமும் பிக்கப்பின் புது சைலன்சரும்

2004 மார்ச் 4, வியாழன்

விடியலில் இருந்து தூறல். ஃபேக்டரி ஏற்றத்தின் கடைசி வளைவில் பிக்கப் இன்றைக்கும் நின்றுவிட்டது. பின்னால் பதினெட்டு மூட்டை பச்சைக் கொழுந்து. பாதியை ரோட்டோரம் இறக்கி, மீதியை மேலே கொண்டுபோய்ப் போட்டு, திரும்பி வந்து… இரண்டு நடை. அதற்குள் அடிமூட்டைக் கொழுந்து சூடாகிச் சிவந்துவிட்டது.

கிராமத்துச் சிறு தோட்டக்காரர்களின் கொழுந்தைச் சேர்த்து ஃபேக்டரிக்கு அனுப்புபவர் பண்டார மாத்தயா, அதாவது பண்டார ஐயா. சிவந்த கொழுந்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தங்கச்சி, வார வியாழக்கிழம வரைக்கும் பாக்குறேன். ஒரே நடையில ஏத்தலன்னா இந்த ரூட்ட மணிக்குக் குடுத்துருவேன்.”

மணி சின்ன லொறிக்காரன். ஃபேக்டரி வாசலில் நின்றுகொண்டு, “தையல் மெஷின்ல இவ்வளவு பாரம் ஏத்தலாமாக்கா?” என்றான். என் வண்டியின் சத்தத்தைத்தான் சொல்கிறான். பொய்யில்லை. அப்படித்தான் கேட்கிறது.

மார்ச் 5, வெள்ளி

நல்ல வெயில். நிவித்திகலையில் சுனில் அண்ணனின் வெல்டிங் கடை. வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சரைச் சுத்தியலால் தட்டினார். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. உள்தகடு துருப்பிடித்து உடைந்து வழியை அடைத்திருக்கிறது.

“என்ஜின் ஹொந்தாய் நங்கி, நல்லா இருக்கு தங்கச்சி. மூச்சு விடத்தான் வழியில்ல.”

புது சைலன்சர் செட் வாங்கக் காசில்லை. குவைத்தில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசு முழுவதும் வண்டியில் போட்டாயிற்று. ஆகவே:

பைப் – இரத்தினபுரி பழைய இரும்புக் கடை
சைலன்சர் – நாமே செய்வது
ஏர் ஃபில்டர் – கழற்றித் துடைக்க வேண்டும்
வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் (!)

சாயந்தரம் அவரிடம் சொன்னேன். ரப்பர் மலையில் பால்வெட்டிவிட்டு வந்து களைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“வித்துரு புள்ள. ஆம்பளைங்க எல்லாம் சிரிக்கிறானுங்க.”

“சிரிக்கட்டும்ங்க. நாலு வருஷம் அடுத்தவங்க வீட்டுத் தரையைத் தொடச்சு வாங்குன வண்டி. விக்க மாட்டேன்.”

டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 6, சனி

லொறியில் இருந்து கழற்றிய மூன்று அங்குலப் பைப் கிடைத்தது. சைலன்சர் இல்லாமலே மாட்டி முடுக்கிப் பார்த்தோம். அம்மாடி! எதிர்க்கடைக் கண்ணாடி அதிர்ந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பாரத்தோடு ஏற்றத்தில் விட்டால் அதே வளைவு. நின்றுவிட்டது. சத்தம்தான் ஊரைக் கூட்டியது. இறங்கி டயருக்குக் கல் வைக்கும்போது முகத்தைத் தூக்கவே முடியவில்லை.

மார்ச் 8, திங்கள்

காரணம் தெரிந்துவிட்டது. என்ஜினை ஒட்டிய முன்பைப் எப்போதோ கல்லில் அடிபட்டு நசுங்கியிருக்கிறது. விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டாவது விரல் போகவில்லை. பின்னால் எவ்வளவு பெரிதாகப் போட்டு என்ன பயன்?

மூன்று அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்து இரண்டேகால் அங்குலம் வாங்கினோம். முன்னிருந்து பின்வரை ஒரே அளவு. சைலன்சருக்குப் பழைய தீயணைப்பு சிலிண்டர். அதனுள் ஓட்டை போட்ட பைப், சுற்றிலும் இரும்பு நார். ஓட்டைகள் முழுவதும் நானே துளைத்தேன். கை மரத்துவிட்டது. மனசு லேசு.

மார்ச் 9, செவ்வாய்

மாட்டியாயிற்று. இப்போது கத்தல் இல்லை. அடிவயிற்றில் இருந்து வருகிற கனத்த சத்தம். சுனில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெறும் வண்டி பறக்கிறது. பாரத்தோடு ஏறினால்தான் தெரியும்.

மார்ச் 11, வியாழன்

மழை இல்லை. பதினெட்டு மூட்டை. பிறகு நானே கேட்டு இன்னும் இரண்டு.

ஏற்றம் தொடங்கும்போது மூன்றாம் கியர். கடைசி வளைவில் இரண்டுக்கு மாற்றினேன். வண்டி ஒருமுறை உறுமியது, நிற்கவில்லை. ஃபேக்டரி வாசலில் மணி லொறியைப் பின்னால் எடுத்து வழி விட்டான். “என்னாக்கா போட்டீங்க?” என்று அடியில் குனிந்து பார்த்தான். “தையல் மெஷின்தான் தம்பி” என்றேன்.

மாத்தயா கொழுந்துக்குள் கையை விட்டார். குளிர்ச்சி. “திங்கக்கிழமயில இருந்து பக்கத்து கிராமத்தையும் சேத்துக்க.”

வீட்டுக்கு வந்தால் அவர் வாசலிலேயே நிற்கிறார்.

“ரப்பர் மலை வரைக்கும் கேட்டுச்சு. எல்லாரும் கத்திய வச்சிட்டு நின்னு கேட்டோம். ‘அது எம் பொஞ்சாதி வண்டி’ன்னு சொன்னேன்.”

சாவியை ஆணியில் மாட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் ஓட்டச் சொல்லிக் குடுப்பியா?”

வருகிற ஞாயிற்றுக்கிழமை, பந்து விளையாடும் மைதானம். முதலில் கிளச்.