மூழ்காத கேப்டன்

ரோம், 8 ஜூலை 1957

என் அருமை முகமே, லியா,

வேறு யார் வாயாலும் உன் காதுக்கு வருவதற்குள் என் அசிங்கத்தை நானே சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிறு மதியம், நாடே பாஸ்தா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த வேளையில், வானொலியில் உன் குரலில் ஓவென்று அழுதுவிட்டேன். மூக்கு உறிஞ்சிய சத்தம்கூடப் போயிருக்கிறது. உன் குரல் என்றால் என் குரல்தான். எட்டு வருஷமாக உதடு உன்னுடையது, தொண்டை என்னுடையது என்று படத்துக்குப் படம் ஒட்டிக்கொண்டு வாழ்கிறோம். அதைப் படத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

நடந்தது இதுதான். நீ சார்தீனியாவிலிருந்து தொலைபேசியில் பேசுவதாக நிகழ்ச்சிக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் நம் தயாரிப்பாளர் பெர்கமாஸ்கி. உன் நிஜக் குரலை நாட்டுக்குக் காட்ட அவருக்குத் தைரியம் ஏது? என்னைத் தன் அலுவலகத்துக்கு வரவழைத்துத் தொலைபேசி முன்னால் உட்கார வைத்தார். எதிரே அவர் பீச் பழம் தின்றுகொண்டிருந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. படம் பற்றி, வெயில் பற்றி, உனக்குப் பிடித்த பூ பற்றி (மல்லிகை என்று சொல்லியிருக்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்). திடீரென்று அந்த அறிவிப்பாளன் கத்துகிறான்:

"சினோரீனா லியா, உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கோம்! இன்னொரு லைன்ல மோந்தெசெர்போ ஊர்லேருந்து ஒரு பெரியவர் காத்துக்கிட்டிருக்காரு. உங்கப்பாவாம்!"

லியா, உன் அப்பா கடற்படைக் கேப்டன், புயலில் மூழ்கிப்போனவர் என்றுதானே நானும் பத்திரிகையில் படித்திருக்கிறேன்? ஒவ்வொரு நவம்பரிலும் அவர் ஆத்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவள் நான்! பெர்கமாஸ்கி பீச் பழத்தைக் கழுத்தில் வைத்து அறுப்பதுபோல் சைகை காட்டுகிறார், தாடை வழியே சாறு ஒழுகுகிறது. 'எனக்கு அப்பா இல்லை' என்று சொல்லிவிட்டுப் போனைக் கீழே வைத்திருக்கலாம். அதற்குள் அந்தக் குரல் வந்துவிட்டது.

"ஏ நுன்ஸியா... நான்தாம்மா. நான் முழுகலம்மா, இங்கதான் இருக்கேன். எங்க கேட்டாலும் உன் குரல் எனக்குத் தெரியாதா? எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. சான் ரோக்கோ திருவிழாவுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ."

நுன்ஸியா என்பது உன் பெயரென்றே எனக்கு அப்போதுதான் தெரியும். எந்த இயக்குநரும் இப்படி ஒரு வசனத்தை என்னிடம் கொடுத்ததில்லை. "மன்னிச்சிருங்கப்பா, கட்டாயம் வரேன்பா" என்று நான்தான் சொன்னேன். நாடே சாட்சி.

காலையில் வெங்காயம் வாங்கப் போனேன். காய்கறிக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் பெத்த அப்பனாச்சே! அந்தப் பொண்ணு தங்கம்" என்றாள். என்னைக் காட்டி, "உன்ன மாதிரி கல்லுக்கெல்லாம் அது வருமா?" என்றும் கேட்டாள்.

திட்டு. ஆனால் சீக்கிரம் திட்டு.

உன் தொண்டை,
நீவெஸ்


அல்கேரோ, சார்தீனியா, 13 ஜூலை 1957

மதிப்புக்குரிய திருமதி நீவெஸ் தொமாசின் அவர்களுக்கு,

எனக்குப் பதிலாகக் காதலிக்க, சண்டை போட, சாக உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க உங்களை யார் அனுப்பினார்கள்? நான் எட்டு வருஷமாகக் கேட்க முடியாமல் தொண்டைக்குள் வைத்திருந்ததை நீங்கள் ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டீர்கள். அதுவும் அழகான உச்சரிப்பில்.

இதோடு கடிதத்தை முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை, அக்கா. இதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.

என் அப்பா சவேரியோ திருவிழா திருவிழாவாகத் தேனும் பாதாமும் போட்ட மிட்டாய் விற்கிறவர். எங்கள் ஊர் மலைமேல் இருக்கிறது. அவர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏழு வயதிலிருந்து அவர் கடைமுன் நின்று கூவிக் கூவித்தான் என் குரல் இப்படித் தகர டப்பாவானது. முதல் படத்தில் என் வசனத்தைக் கேட்டு ஒலிப்பதிவாளர் சிரித்தாரே, அன்றைக்குத்தானே உங்களைக் கூப்பிட்டார்கள்? அதன்பிறகு எனக்கு விளம்பர வேலை பார்த்த ஸில்வானி சொன்னான்: "மிட்டாய்க்காரன் மகள யாரும்மா சீமாட்டியா பாப்பாங்க? அப்பாவ கடல்ல தள்ளிருவோம். கௌரவமான சாவு."

நான் மறுக்கவில்லை. அவன் சொல்லியும் கொடுத்தான், நான் செய்தும் காட்டினேன். கறுப்பு உடை போட்டு, ஓஸ்தியா கடற்கரையில் நின்று, தண்ணீரில் மலர்வளையம் விட்டேன். அலை அதைத் திரும்பத் திரும்ப என் காலடிக்கே கொண்டுவந்து போட்டது. படம் சரியாக வரும்வரை மறுபடி மறுபடி தள்ளினேன்.

அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. எங்கள் ஊர்ச் சவரக் கடையில் உட்கார்ந்து அப்பா தன் சாவைத் தானே படித்தாராம். அன்றிலிருந்து ஊரில் அவருக்குக் கேப்டன் என்றுதான் பெயர். "என்ன கேப்டன், இன்னிக்கி அலை எப்படி?" என்று சின்னப் பிள்ளைகளும் கேட்கிறார்களாம். என் சித்தி மகள் எழுதினாள். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. அதன்பின் எந்தக் கடிதத்துக்கும் போடவில்லை.

விருந்துகளில் நான் வாயே திறப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். மர்மப் பெண் என்று எழுதுகிறார்கள். காப்பி வேண்டுமென்றால்கூட விரலால்தான் காட்டுகிறேன்.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள். கோபம் இல்லை என்று அப்பா நிஜமாகவே சொன்னாரா? அதே வார்த்தையா? திரும்பவும் அப்படியே எழுதுங்கள். ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த உலகத்தில் என் நிஜக் குரலை நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். உங்கள் குரலைக் கேட்டு எப்படி நான் என்று நினைத்தார்?

லியா


ரோம், 29 ஜூலை 1957

என் முகமே,

"எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல." இதே வார்த்தைதான். நடுவில் ஒரு மூச்சு விட்டார். நான் மூச்சுகளைக் கேட்டே சோறு தின்கிறவள், அதில் தப்பு பண்ணமாட்டேன்.

உன் சந்தேகத்துக்கும் யோசித்து வைத்திருக்கிறேன். அவருக்கு நான் நீயில்லை என்று தெரிந்திருக்கும். தெரிந்தும், நாடே கேட்கும்போது மகளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று சமாளித்திருக்கிறார். இதை நினைத்ததும் எனக்கு இன்னும் கேவலமாகிவிட்டது. அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் நான் என் திறமையைக் காட்டியிருக்கிறேன்! அழுகையின் பாதியில், 'இந்த இடத்தில் கொஞ்சம் இறக்கி அழு நீவெஸ், நன்றாக வரும்' என்று உள்ளே ஒருத்தி சொன்னாள். இறக்கி அழுதேன். நன்றாகவும் வந்தது. இதைப் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை.

இனி வம்புக்கு வருகிறேன். பெர்கமாஸ்கி பூரித்துப்போய்த் திரிகிறார். கேப்டன் பொய்யானதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, மகளின் கண்ணீரைத்தான் பேசுகிறார்கள். திருவிழாவுக்குப் புகைப்படக்காரர்களை வண்டியில் ஏற்றுகிறார். அவர் திட்டத்தைக் கேள்: ஊர் நடுவில் பாண்டு மேடை இருக்கிறதாம். அதன் அடியில் நான் ஒலிவாங்கியோடு குந்திக்கொள்ள வேண்டும், மேலே நீ அப்பாவைக் கட்டிக்கொண்டு உதட்டை அசைக்க வேண்டும். "மேடைக்கு அடியில ஒரு மெத்தை போட்டுத் தரேன் நீவெஸ்" என்கிறார் கருணையோடு. நாற்பத்தெட்டு வயதில், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு! உன் முத்தக் காட்சிகளுக்கெல்லாம் வெந்நீரில் கால் ஊறவைத்தபடி பெருமூச்சு விட்டவள்தான், ஆனால் இது என்னால் ஆகாது.

ஆகாது என்று அவரிடம் சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால் ஆகஸ்ட் பதினான்காம் தேதி எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளப் போகிறது. முன்தினம் எலுமிச்சை ஐஸ்கிரீம் தின்று, ஈரத் தலையோடு ஜன்னல் ஓரம் படுக்கப்போகிறேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக உனக்காக வாயை மூடுகிறேன்.

நீ போ. தகர டப்பாவோடு போ. அங்கே போய் உனக்குக் குரல் வந்துவிட்டால் எனக்கு வேலை போகும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. சமையற்கட்டில் நின்று அதற்கும் கொஞ்சம் அழுதேன். அது நன்றாக வரவில்லை.

கட்டிக்கொள்ளப்போகும் தொண்டை,
நீவெஸ்


மோந்தெசெர்போ, 18 ஆகஸ்ட் 1957

அன்புள்ள நீவெஸ் அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? பெர்கமாஸ்கி வண்டியில் வரும் வழியெல்லாம் உங்கள் தொண்டையைச் சபித்துக்கொண்டே வந்தார். தேன் போட்டுப் பால் குடியுங்கள். அவருக்காகக் குடிக்க வேண்டாம், எனக்காக.

பதினைந்தாம் தேதி மாலை மேடையில் ஏற்றிவிட்டார்கள். பாண்டு நின்றது. மேயர் ஒலிவாங்கியை நீட்டினார். கூட்டம் முழுக்கத் தேடிவிட்டேன், அப்பா இல்லை. பெர்கமாஸ்கி கீழே நின்று வாயில் விரல் வைத்துக் காட்டினார். நான் திறந்தேன். "எல்லாருக்கும் வணக்கம். நான் சவேரியோ மகள் நுன்ஸியா" என்றேன். பிறகு ஓர் அம்மாள் சொன்னாள்: "ஐயோ பாவம், மலைக்காத்து ஒத்துக்கல. சளி புடிச்சிருக்கு." இன்னொருத்தி: "யாராச்சும் அதுக்குச் சுடச்சுட வைன் குடுங்கடி!" இந்தத் தொண்டையை உருவாக்கின ஊர், அக்கா. அவர்களுக்கும் என் குரல் தெரியவில்லை. உங்களுடையதுதான் என்னுடையது என்று நினைக்கிறார்கள். மேடையிலிருந்து எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவு வெட்கம்.

அப்பா வீட்டுக் கொல்லையில் மறுநாள் கடைக்கு மிட்டாய் கிண்டிக்கொண்டிருந்தார். மெலிந்துவிட்டார். நான் வாசலில் நின்று "அப்பா" என்றேன். திரும்பவில்லை.

"தேன் இறுகுது. பாதாம எடு" என்றார்.

எடுத்தேன். கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். பாரிஸிலிருந்து தருவித்த உடுப்பில் தேன் தெறித்தது. புகைப்படக்காரர்கள் சுவர்மேல் ஏறியதும் அப்பா வாளித் தண்ணீரை வீசினார். நன்றாகக் குறி பார்த்து வீசினார். "இந்தா, கடலு!" என்றார்.

மறுநாள் கடையில் நின்றேன். அவருக்கு இப்போது கூவ மூச்சு இல்லை, நான் கூவினேன். முதல் இரண்டு தடவை காற்றுத்தான் வந்தது. மூன்றாவது வந்தது பாருங்கள், எதிர்க்கடைக் கழுதை மிரண்டுவிட்டது. ஒரு பொடியன் அப்பாவிடம், "கேப்டன், இது யாரு, சங்கு ஊதறது?" என்றான்.

"கப்பல்ல வேலைக்கு வந்திருக்கு" என்றார் அப்பா.

அக்கா, அடுத்த படத்தை என் குரலிலேயே பேசப்போகிறேன். அதுதான் கடைசிப் படமாக இருக்கும் என்கிறார் பெர்கமாஸ்கி. இருக்கட்டும். உங்கள் வேலையை நான் பிடுங்குகிறேன் என்று தெரிந்தே எழுதுகிறேன். அதை எழுதும்போது கை கூசுகிறது. நீங்கள் ஈரத் தலையோடு படுத்ததற்கு நான் செய்கிற கைம்மாறு இது.

உங்களுக்குத் தெரியவேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. கடையில் கூட்டம் குறைந்தபோது துணிந்து கேட்டேன்: "ரேடியோல எம்மேல கோவம் இல்லன்னு சொன்னீங்களேப்பா. அத நம்பித்தான் வந்தேன்."

மிட்டாய் வெட்டின கத்தி நின்றது.

"நானா? நான் எப்ப சொன்னேன்? போன் இருக்கிறது சவரக்கார ஜெரார்தோ கடையில. ரேடியோக்காரனுக்கு எழுதிப் போட்டவனும் அவன்தான், பேசினவனும் அவன்தான். நான் மொகமெல்லாம் சோப்போட நாற்காலில கெடந்தேன். என் பேர்ல அவன் அழுவ ஆரம்பிச்சதும் பாதிச் சவரத்தோட எந்திரிச்சு வந்துட்டேன். எனக்குக் கோவம் தீரல. எப்ப தீரும்னும் தெரியல. கூவு, ஆளுங்க போறாங்க."

கூவினேன். எதிர்ப்பக்கத்துச் சவரக் கடை வாசலிலிருந்து ஜெரார்தோ கையசைத்தார். அந்த மூச்சை விட்டவர் அவர்தான், அக்கா. ஈஸ்டர் நாடகத்தில் வருஷா வருஷம் யூதாஸ் வேஷம் கட்டுகிறவர்.

உங்கள்
நுன்ஸியா